கண்ணில் வளர்ந்த சதை

நான் செங்கல்பட்டில் கண் மருத்துவர். மாமல்லபுரம் பக்கத்து மீனவர் குப்பத்தில் வெயிலும் உப்புக்காற்றும் பட்டுக் கண்ணில் சதை வளர்கிறவர்களைப் பற்றி ஆராய நிதி கேட்டு விண்ணப்பித்தேன். முதற்கட்டத் தரவு போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். குப்பத்துக்குப் போய்ப் பலருடைய கண்களைப் படமெடுத்து மறுபடியும் அனுப்பினேன். சதை வளர்கிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்றார்கள். வளராமல் தேய்ந்தா போகும் என்று எழுதக் கை பரபரத்தது. எழுதவில்லை. அடுத்த வருஷம் அதே கண்களைப் படமெடுக்கப் போனேன்.

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார். "இன்னா டாக்டரம்மா, இன்னுமா பாஸாவல?"

"இல்லண்ணா. உங்களுக்குச் சதை ஏறிக்கிட்டே போவுது, பார்வைய மறைச்சிடும், ஆபரேஷனுக்கு வந்துடுங்க."

"நீ மொதல்ல பாஸாவு, அப்பால நான் வரேன்."

மூன்றாம் முறை பாஸானேன். ஆண்டுக்காண்டு சதை கருவிழிக்குள் ஏறுவதைக் காட்டும் படங்களே விண்ணப்பத்தின் பெரும்பலம் என்று மதிப்பீட்டாளர் பாராட்டியிருந்தார். அந்தப் படங்கள் வலைக்காரருடையவை. அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். காகிதத்தை வாங்கியவர் அதை இடது கண்ணுக்கு நேராக நகர்த்திக்கொண்டார்.

நான் படமெடுத்தது வலது கண்ணை.