துரை ஆபீசில் தனி நடிப்பு

நோர்வூட் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் சனிக்கிழமைகளில் தனி நடிப்பு சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு இருக்கும் தகுதி, கொழும்பில் ஒரு குட்டிப் பட்டறைக்குப் போய்வந்ததும், அதைப் பற்றி இன்றுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதும்தான். பிள்ளைகள் நம்புகிறார்கள். பாவம், இங்கே வேறு ஆளில்லை.

புதிதாக வருகிற எல்லோருக்கும் ஒரே வியாதி. வெளிநாட்டிலிருக்கும் அம்மாவோடு போனில் பேசுகிற கதையைக்கூடப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டி மாதிரிதான் நடிப்பார்கள். விறைத்த உடம்பு, உயர்த்திய ஒரு விரல். "கதை வாயில இல்ல, ஒடம்புல இருக்கு. இந்த ஆளுக்கு இப்ப என்ன வேணும்? அதுக்கு அவன் கை என்ன செய்யும்?" என்று முழங்குவேன். முழங்கும்போது என் விரலும் மேலேதான் இருக்கும்.

போன மாதம் மண்டபத்துக்கே ஆபத்து வந்தது. அதில் உர மூட்டைகளை அடுக்கப் போவதாகக் கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். நாங்கள் குடியிருக்கும் ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் கையை வீசினால் சுவரில் இடிக்கும். மண்டபம் போனால் வகுப்பும் போச்சு. தோட்டத்து மேனேஜர் துரையிடம் நான் பேசுகிறேன் என்று மார்தட்டினேன்.

வாய்ப்பு வகுப்பு நடக்கும்போதே வந்து நின்றது. ஜீப் சத்தம் கேட்டது. துரை வாசலில் எட்டிப் பார்த்தார். என் வயதில் பாதிதான் இருக்கும் அவருக்கு. என் தலையிலிருந்த கம்பளித் தொப்பி எப்போது கைக்கு வந்ததென்று எனக்கே தெரியாது. முதுகு தானாக வளைந்தது.

"என்ன செய்யறது இங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க சார்."

அவர் போய்விட்டார்.

"சார், நீங்க கேக்கவே இல்லையே," என்றாள் ஒரு பெண். ஹட்டனில் துணிக்கடையில் வேலை செய்பவள், வகுப்பில் வாயே திறக்காதவள். பேச்சோடு விடாமல் எழுந்து என்னை நடித்துக் காட்டினாள். தொப்பி, முதுகு, வழிகிற சிரிப்பு, ஒன்றும் பாக்கியில்லை. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு நடுவிலும், இவ்வளவு நன்றாகச் செய்கிறாளே என்று பொறாமையாக இருந்தது.

பிறகு அவளே துரையாகி உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்கவைத்தாள். "கையக் கட்டாதீங்க சார். தொப்பிய பையில போடுங்க. என் மூஞ்சியப் பாருங்க." இந்த ஆளுக்கு இப்ப என்ன வேணும் என்று பின்னாலிருந்து யாரோ என் குரலிலேயே கேட்டார்கள். பனி இறங்கும்வரை எனக்கு ஒத்திகை நடந்தது.

திங்கட்கிழமை துரையின் ஆபீசுக்குப் போனேன். நிமிர்ந்து நின்றேன். வசனம் பிசகவில்லை. கேட்டு முடித்த துரை சிரித்தபடி எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, "வாடிவென்ன, ஒக்காருங்க," என்று சிங்களத்திலும் தமிழிலும் சொன்னார்.

அதை நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. அந்த அறையில் என் அப்பா நின்றுகொண்டேதான் பேசியிருக்கிறார். தாத்தா வாசலைத் தாண்டியதே இல்லை. "பரவாயில்லீங்க சார்," என்றேன். அவர் மறுபடி சொன்னார். நானும் மறுபடி அதையே சொன்னேன். மூட்டைகளை வேறிடத்தில் அடுக்கலாம், மண்டபத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் பேசி முடிக்கும்வரை நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றேன்.

சனிக்கிழமை விஷயத்தைச் சொன்னதும் பிள்ளைகள் தகரக் கூரை அதிரக் கத்தினார்கள். அந்தப் பெண் மட்டும் பக்கத்தில் வந்து, "நேரா நின்னீங்களா சார்?" என்று கேட்டாள்.

"நின்னேன்மா," என்றேன்.

அவள் முகத்தில் அப்படியொரு பெருமை. நாற்காலியைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.