டிராகன் தோலைப் பதம் பண்ணியது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஆம்பூர் ஸ்டேஷனுக்கு ஓர் எழுத்தாளரை வரவேற்கப் போனேன். மனிதர் ஆட்டோவில் கம்பீரமாகத்தான் ஏறினார். தோல் ஷாப் தெருவுக்குள் வண்டி திரும்பியதும் கர்ச்சீப் மூக்குக்குப் போய்விட்டது. தோல் ஷாப் என்றால் கடை என்று நினைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள் – ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் பதம் பண்ணுகிற இடம்.

“என்ன வாசனை தம்பி இது?” என்றார்.

“எங்க சோறு சார்” என்றேன்.

அதற்கப்புறம் பேசவில்லை. வாயைத் திறந்தால்தானே வாசனை உள்ளே போகும்?

அவர் எழுதிய மாயாஜாலத் தொடருக்குத்தான் பாராட்டு விழா. மொத்தம் ஆறு பாகம். பேரைச் சொன்னால் விளம்பரம் என்று பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்... வேண்டாம். டிராகன் உண்டு, பேசும் வாள் உண்டு, மாறவேல் என்று ஒரு ஹீரோ உண்டு. எங்கள் ஷூ கம்பெனியில் பாதிப் பேர் மாறவேல் ரசிகர்கள். வாசகர் வட்டம் என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வேறு. அதற்கு நான்தான் செயலாளர். ஒன்பதாம் வகுப்பில் கோட்டடித்தவன் எப்படிச் செயலாளர் ஆனான்? சேர், மைக் செட் வாடகைக்குப் பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

மாடி ஹாலில் விழா ஜோராக ஆரம்பித்தது. ஒருவர் இந்தத் தொடர் கடல் என்றார். அடுத்தவர் இமயமலை என்றார். மூன்றாமவர் எழுந்து, “இத படிக்க ஆரம்பிச்சதுல இருந்து எனக்கு சுகரு கம்மியாயிடுச்சு” என்றார். அவர் மேடையிலிருந்து இறங்கியதும், “எத்தினி பாகம் படிச்சீங்கண்ணா?” என்று கேட்டேன்.

“அஞ்சையும் படிச்சிட்டேன். அதோட கத முடிஞ்சுதே.”

ஆறாவது பாகத்துக்குச் சுகர் ஏறியிருக்கும் போல.

அப்புறம்தான் மைக் நசீர் பாயிடம் போனது. பாய் எங்கள் கம்பெனியில் தோலைத் தரம் பிரிக்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே முதல் ரகமா மூன்றாம் ரகமா என்று சொல்லிவிடுவார். முப்பது வருஷமாக அந்தக் கை பொய் சொன்னதில்லை.

“சார், நான் உருதுலதான் படிச்சேன். உங்க கதைக்காவதான் இந்த வயசுல தமிழ் எழுத்து கத்துகிட்டேன்.”

ஹால் அதிர்ந்தது.

“கை தட்டாதீங்க, இன்னும் முடிக்கல. மொதல் ரெண்டு பாகம் பேஜாரே இல்லாம போச்சு. மூணாவதுல எரநூத்திப் பன்னெண்டாம் பக்கம். அங்கியே நின்னுட்டேன் சார். மூணு மாசமாச்சு. அதுக்கு மேல போக மாட்டேங்குது.”

“ஏன் பாய், என்ன ஆச்சு?” என்றார் எழுத்தாளர்.

“மாறவேல் டிராகன கொன்னான், சரி. தோல உரிச்சான், சரி. நெருப்பு புடிச்ச கோட்டைய காப்பாத்தணும்னு அப்படியே எடுத்து போத்திகினு கெளம்பிட்டானே, அது எப்படி சார்? உப்பு போடல, சுண்ணாம்பு போடல. பச்சத் தோலு. வெய்யக்காலம்னு நீங்களே எழுதி இருக்கீங்க. புழு வச்சிடாது?”

சிரிப்பு கிளம்பியது. பாய் சிரிக்கவில்லை.

“அதுவும் பதினெட்டு குத்து, அத்தினியும் முதுகுல. முதுகுலதான் சார் நல்ல தோலே. வயித்துல குத்தி இருக்கக் கூடாதா?”

எனக்குச் சுருக்கென்றது. ஹாலில் இருந்த அத்தனை பேரும் தோல் வெட்டுகிறவர்கள், தைக்கிறவர்கள், தேய்க்கிறவர்கள். ஒருத்தருக்குக்கூட இது தோன்றவில்லையே... ஏன்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் பாகத்தில் நான் அட்டையைத் தாண்டியதில்லை. பாராட்ட வேண்டுமென்றால் புத்தகத்தின் பேர் தெரிந்தால் போதும். குறை சொல்ல வேண்டுமென்றால் பக்கம் தெரிய வேண்டும்.

எழுத்தாளர் சமாளித்தார். “இது கற்பனை பாய். இல்லாத டிராகனையே ஒத்துக்கிட்டீங்க, தோலுக்குப் போய்...”

“டிராகன் இருக்கு சார். நான் ஒத்துக்கறேன். பறக்கட்டும், நெருப்பு கக்கட்டும், அது அதோட பொழப்பு. தோலு என் பொழப்பு.”

“சரி, மந்திரத் தோல்னு வச்சுக்கோங்களேன்.”

“நான் வச்சுக்கறேன். நீங்க எழுதலயே சார். ‘உரித்த தோலைப் போர்த்திக்கொண்டு புறப்பட்டான்’னுதான் இருக்கு. அதே பக்கத்துல கீழ, மூணாம் நாளு, ராஜகுமாரி அவன் தோள்ல சாஞ்சிகினு மல்லிப்பூ வாசன வருதுன்றா. அந்தப் பொண்ணுக்கு மூக்கு இல்லியா? மாறவேல் நல்ல பையன் சார். அவன் நாறக் கூடாதுன்னுதான் எனக்குக் கவல.”

வட்டத்தின் தலைவர் தனசேகர் அண்ணன் மைக்கைப் பிடித்து இழுத்தார். “பாய், உக்காருங்க. வந்தவர எதுக்கு பேஜார் பண்றீங்க?”

“இரு தனசேகரு. நான் சண்டைக்கு வரல. மேல படிக்கணும், அவ்ளோதான்.”

எழுத்தாளரின் கை தானாகக் கர்ச்சீப்பைத் தேடியது. காலையில் ஆட்டோவில் பிடித்த மூக்கு இப்போதுதான் மாறவேலுக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்க வேண்டும். பாயின் புத்தகத்தை வாங்கினார். மிருதுவான ஆட்டுத் தோலில் அட்டை போட்டிருந்தார் பாய். அதைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“பதம் பண்ண எத்தனை நாள் ஆகும் பாய்?”

“ஆட்டுத் தோலுக்கே பத்து பதினஞ்சு நாளு. இது றெக்கயோட இருக்குது. நம்ம தோல் ஷாப்பு ட்ரம்முல புடிக்காது.”

“அதுவரைக்கும் காத்திருந்தா, கோட்டை எரிஞ்சிடுமே.”

“அதான் சார். மூணு மாசமா நானும் அதத்தான் யோசிக்கிறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. எழுத்தாளர் பேனாவை எடுத்து, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், இரண்டு வரிகளுக்கு நடுவே ஏதோ எழுதிக் கொடுத்தார். பாய் எழுத்துக் கூட்டி மைக்கிலேயே படித்தார். “பே...சும் வாள்... மந்...திரம் சொல்...லித்... தோலைப் பத...மாக்...கியது.”

யோசித்தார். “வாளுக்கு இந்த மந்திரம் வருமா சார்?”

எழுத்தாளர் விழித்தார். மனிதருக்கே ஞாபகமில்லை.

“வரும், வரும்” என்று பாயே சொல்லிக்கொண்டார். “மொதல் பாகத்துல கெணத்துத் தண்ணிய பாலாக்குச்சே. அப்ப இதயும் செய்யும்.”

மற்றவர்களுக்கெல்லாம் முதல் பக்கத்தில் ‘அன்புடன்’ கிடைத்தது. பாய் கையெழுத்து வாங்க மறந்தே போனார்.

கீழே பிரியாணி தம் உடைத்தாச்சு என்று குரல் வந்ததும் ஹால் காலி. கடல், இமயமலை எல்லாம் படியில் முட்டி மோதி இறங்கின. பந்தியில் பாயைக் காணோம். மேலே ஏறிப் பார்த்தேன். காலிச் சேர்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்தார். விரல் வரி வரியாக ஊர்ந்துகொண்டிருந்தது. இருநூற்றுப் பதினேழாம் பக்கம்.

“பாய், பீஸு தீந்துடும். வாங்க.”

தலையை நிமிர்த்தவில்லை.

“நீ போ தம்பி. கோட்டைய சுத்தி ஒரே நெருப்பு. இவன் இப்பதான் உள்ள பூந்திருக்கான். தோலு தாங்குதான்னு பாத்துட்டு வர்றேன்.”

படிக்கிறவரைத் தொந்தரவு செய்வது பாவம். அவர் பங்கு பீஸையும் நானே சாப்பிட்டேன்.