முந்தானையைத் திருப்பிப் பார்த்த முதலிரவு

டிவி சீரியலில் வில்லனுக்கு அடி விழும், மருமகளுக்குக் கிளிசரின் எரியும். ஆனால் புருஷன் வேஷம் கட்டுகிறவன் படுகிற பாடு இருக்கிறதே, அதற்கு மருந்தே கிடையாது. கல்யாண போட்டோவிலாவது "இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று போட்டோக்காரர் சொல்லி, சட்டைக்குள் வேர்த்துக் கொட்டியவர்களே, நீங்கள் என் கட்சி. கேளுங்கள்.

பத்திரிகை நின்றது

ஆரணியில் பட்டுத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். உயரமாக இருக்கிறேன் என்று யாரோ சொல்லப்போய், சென்னைக்கு பஸ் ஏறி, சீரியலில் இரண்டு வரி பேசினேன். பிறகு பதவி உயர்வு: கதாநாயகியின் புருஷன். முதல் வேலையே முதலிரவுக் காட்சி.

அதே மாதம்தான் சேத்துப்பட்டு கற்பகத்தை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். பெண் பார்க்கப் போன அன்று என் சட்டைப் பட்டன் ஒன்று மாறி மாட்டியிருந்தது. கேசரித் தட்டை நீட்டினவள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்கு வேறு பெண் வேண்டாம். ஆனால் அவள் அப்பா சிவலிங்கம் மாமா, பட்டுப்புடவை வியாபாரி, முதலிரவுச் செய்தியைக் கேள்விப்பட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். காபியைக்கூடத் தொடவில்லை.

"சீன் வரட்டும் மாப்ள. நானே இங்க வந்து பாக்கறேன். அப்புறம் பத்திரிகை அடிக்கலாமா வாணாமான்னு பேசலாம்."

தலையணை ஒத்திகை

இந்தக் காட்சிக்கு எப்படித் தயாராவது என்று யாரைக் கேட்பது? கூட நடிப்பவர் ஒருவர் மூன்று நாள் வெங்காயம் பூண்டு தொடாதே, ஏலக்காய் மெல்லு என்றார். மென்றேன். வாய் பாயசம் மாதிரி மணத்தது, பயம் மட்டும் போகவில்லை. சரி, ஊருக்குப் போய் வீட்டிலேயே பழகிப் பார்ப்போம் என்று ஒரு தலையணைக்குப் புடவை சுற்றி, தறி ஓரத்தில் சாய்த்து வைத்து, "உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று ஆரம்பித்தேன். பக்கத்துத் தறியில் நெய்துகொண்டிருந்த சித்தப்பா கால்மிதியை நிறுத்தவேயில்லை. பாதிக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தலையணைக்கே இப்பிடி நடுங்கறியே, அது இன்னா உன்னக் கடிச்சிடவா போவுது?"

மிதிக் கணக்கு

கதாநாயகி மாலதி மேடம். என்னைவிட ஐந்து வயது பெரியவர், இரண்டு குழந்தைக்குத் தாய். படப்பிடிப்புக்கு முன்னால் என்னை ஒரு ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கை எங்கே வைப்பாய் என்று கேட்டார். டைரக்டர் சொல்கிற இடத்தில் என்றேன். அது பேஜார், நாம் இரண்டு பேரும் முதலில் பேசி முடிவு செய்து அவரிடம் சொல்வோம் என்றார். தோள் சரி, இடுப்பு கூடாது, நெற்றியோடு நெற்றி சரி. பிறகு, உனக்கு எது வேண்டாம் என்று என்னைக் கேட்டார். என்னை யார் இப்படிக் கேட்டிருக்கிறார்கள்? கழுத்தில் கூச்சம் அதிகம் என்றேன். கழுத்து ரத்து.

ஒன்று, பார்க்கணும். இரண்டு, தோளில் கை. மூன்று, அவர் திரும்புவார். நான்கு, நெற்றி. அப்பாடா என்றிருந்தது. தறியிலும் இதுதானே, எந்த மிதிக்கு அப்புறம் எந்த மிதி என்று காலுக்குத் தெரிந்துவிட்டால் கை தானாக ஓடும். அதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்:

"மிதியோ படியோ, பேசாத இடத்துக்குக் கை வரக்கூடாது. அவ்ளோதான் தம்பி."

இது முதலிரவா?

மூன்று வரைக்கும் பிரமாதம். மூன்றில் மாலதி மேடம் திரும்ப, அவர் முந்தானை வந்து என் கையில் விழுந்தது. அன்றைக்கென்று அசல் பட்டு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அசல் என்றால், எங்கள் ஊர்ப் பட்டு! ஆரணிக்காரன் கை சும்மா இருக்குமா? முன்பக்கம் யார் வேண்டுமானாலும் மினுக்கலாம், வேலை சுத்தமா என்பது பின்பக்கத்தில்தான் தெரியும். முந்தானையைத் திருப்பிவிட்டேன். மாங்காய் டிசைன் ஓரத்தில், நெசவில் இரண்டு இழை விட்டுப்போயிருந்தது. அடடா, இவ்வளவு நல்ல சரிகையில் இப்படி விட்டுவிட்டானே என்று உருகிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார். மைக்கில், இது முதலிரவா தள்ளுபடிக் கடையா என்று கத்திய டைரக்டர், மானிட்டரை ஒருதரம் ஓட்டிப் பார்த்தார். குரல் அப்படியே மாறிவிட்டது.

"புடவையத் திருப்பாதே. ஆனா கண்ணு அதே கண்ணுதான் வேணும்."

ஏழரை மணி

காட்சி வருகிற அன்று சாயங்காலம் சிவலிங்கம் மாமா சொன்னபடி எங்கள் வீட்டில். கல்யாணம் நின்றுவிடக்கூடாது என்று அம்மா படவேட்டு ரேணுகாம்பாளுக்குப் பொங்கல் வேண்டிக்கொண்டிருந்தாள். நான் கரண்ட் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தினம் போகிற கரண்ட் அன்று போகவில்லை.

காட்சி வந்தது. டிவியில் என் கண், இந்தத் தடவை திருப்பாத அந்த முந்தானை மேலேயே நின்று வெண்ணெயாய் உருகுகிறது. வீட்டில் எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள். மாமா மட்டும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு டிவிப் பெட்டி கிட்டேயே போய்விட்டார். எனக்கு உயிரே இல்லை. கற்பகம் போச்சு என்றே நினைத்தேன். விளம்பரம் வந்ததும் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"மாப்ள பொண்ணப் பாக்கலங்க, எங்க இழை விட்டிருக்குதுன்னு பாத்துகினு இருக்காரு! ஜல்தி பத்திரிகை அடிக்கக் குடுங்க."

சேத்துப்பட்டிலிருந்து போன்

மறுநாள் தெருமுனை டெலிபோன் பூத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். ஓடினேன். கற்பகம். அவள் குரலைப் போனில் கேட்பது அதுதான் முதல் தடவை. அவளும் அவள் வீட்டில் பார்த்தாளாம். அப்பாவுக்கு நிம்மதியாம், அவளுக்குத்தான் பயமாம். என்ன பயம் என்றேன். "ஒரு புடவைய அப்பிடிப் பாக்கறீங்களே, என்னை அப்பிடிப் பாப்பீங்களா?" என்றாள். ஒன்று, இரண்டு எண்ணிச் சொல்ல அங்கே மாலதி மேடம் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன், உன்னைத் திருப்பியெல்லாம் பார்க்கமாட்டேன், எந்த இழை விட்டிருந்தாலும் அப்படியே எனக்கு வேணும் என்று.  மறுமுனையில், அந்தக் கேசரி நாள் சிரிப்பு.

"நான் அப்பிடியெல்லாம் இல்லைங்க. உங்கள நல்லாத் திருப்பிப் பாத்துட்டேன், அப்புறம்தான் சரின்னு சொன்னேன்."

ஏலக்காய், தலையணை, எண்ணிக்கை ஒன்றுமில்லாமல் ஒரே டேக்கில் நான் ஓகே வாங்கிய காதல் காட்சி அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்தான் நடந்தது, அதைப் படம் பிடிக்கத்தான் ஒரு கேமராவும் இல்லை.