ஆர்டர் இல்லாமல் எடுத்த முட்டு

வெள்ளை மாத்திரை அட்டை பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. ரோஸ் நிற மாத்திரைதான் கடைசி ஏழு நாளாகத் தொடப்படவே இல்லை. மறதியாக இருந்தால் இரண்டையும் அல்லவா மறந்திருக்க வேண்டும்? எனக்குப் பயம் பாதி, கோபம் பாதி.

என் அப்பாவுக்கு, நைனா என்றுதான் கூப்பிடுவேன், இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதில் ரத்தம் உறைந்து அடைக்காமல் இருக்க இந்த இரண்டு மாத்திரைகள். ஒரு வருஷத்துக்கு ஒரு நாள்கூட விடக்கூடாது, விட்டால் உயிருக்கே ஆபத்து என்று பெங்களூர் டாக்டர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் நாங்கள் இருவர்தான். நான் விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு ஓடிவிடுவேன். நைனா இட்லி சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டுக்கொள்வார் என்று நம்பினேன்.

"இன்னா நைனா இது? இந்த மாத்திரையை ஏன் போடல?"

"அது இன்னாத்துக்கு இனிமே? பல்லு தேய்ச்சா ரத்தம் வருது. செட்டு இறுகினப்புறம் முட்டு எதுக்கு?"

இந்த இடத்தில்தான் என் தலையிலேயே நான் அடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட்டை ஒரு பலூனால் விரித்து வைத்த பிறகு, அதன் ஒரு பக்கம் ரத்தக்குழாயின் சுவரோடு ஒட்டவில்லை என்று படத்தில் தெரிந்திருக்கிறது. உடனே இன்னொரு பலூனை, முதலில் விட்டதைவிடக் கெட்டியானதை, உள்ளே விட்டு நன்றாக உப்ப வைத்து அழுத்தியிருக்கிறார்கள். உப்பியிருக்கிற நேரம் அந்த வழியில் ரத்தம் போகாது, அதனால் நெஞ்சு வலிக்கும். குழாய் நுழைத்த கையில் மட்டும்தான் மரத்துப்போக ஊசி. நைனா முழு நினைவோடு அந்த வலியைப் பட்டிருக்கிறார்.

வார்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டாவது தபா எதுக்கும்மா வுட்டாங்க? மொத வேலை கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். சுரங்கத்தில் இருபத்தைந்து வருஷம் கூரை இடியாமல் மரச் சட்டம், அவர் பாஷையில் செட்டு, நிறுத்திய மனிதர். அவர் கண்ணில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. டாக்டரோ இரண்டு நிமிஷம் நின்று இங்கிலீஷில் பேசிவிட்டுப் போய்விட்டார். என்ன செய்வேன்? "நீ மரச் செட்டு நிறுத்தினப்புறம் சந்துல ஆப்பு அடிச்சு இறுக்குவே இல்ல நைனா, அதேதான் இது. ஆப்பு அடிச்சாச்சு, இனி பயமில்ல" என்றேன்.

அவர் முகம் அப்படியே தெளிந்தது. "அப்ப டாக்டர் எனக்கே ஆப்பு வச்சுட்டாருன்னு சொல்லு" என்று சிரித்தார். எனக்கு ஒரே பெருமை. டாக்டரால் முடியாததை நான் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டேனாம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் நெஞ்சில் லேசாக ஒரு வலி. நான் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். குழாய் விரிந்ததால் ஒன்றிரண்டு நாள் அப்படி இருக்கலாம், கூடினாலோ வியர்த்தாலோ உடனே வாங்க என்றார்கள். நைனா அசரவில்லை. "புதுச் செட்டு பாரம் தாங்கறப்ப முனகத்தான் செய்யும்" என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்கம் வேறு. வலி போனதும் செட்டு இறுகிவிட்டது என்று அவரே முடிவு கட்டியிருக்கிறார். செட்டு இறுகும்வரை பாறையைத் தாங்க ஒரு தற்காலிக முட்டு கொடுப்பார்களாம். இறுகினதும் அதை எடுத்துவிட வேண்டும், விட்டால் வழியை அடைக்குமாம். அந்த முட்டுதான் ரோஸ் மாத்திரை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது நான்.

கத்தினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தபோது, மாத்திரையை இப்போதே கொடுத்து இன்றைக்கே அழைத்து வரச் சொன்னார்கள். தண்ணீரும் மாத்திரையும் நீட்டினால் வாங்க மறுக்கிறார். கோபத்தை விழுங்கிக்கொண்டு மறுபடி அவருடைய சுரங்கத்துக்குள்ளேயே இறங்கினேன். "உள்ள இருக்கிறது இன்னும் வெறும் இரும்பு நைனா. அதுமேல சதை மூடணும். மூடறவரைக்கும் முட்டு நிக்கணும்."

என் கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தார். "முட்டு எடுக்க ஆர்டர் யாரு குடுக்கணும்?"

"டாக்டர்."

மாத்திரையை வாங்கி விழுங்கினார். "ஆர்டர் இல்லாம முட்டு எடுத்தவனை நாங்க மறுபடி எங்க கேங்குல சேர்க்கமாட்டோம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

வாடகைக் கார் பேத்தமங்களா ஏரியைத் தாண்டும்வரை என் புலம்பல் ஓயவில்லை. இத்தனை வருஷம் அனுபவம் இருந்தும், ஆர்டர் இல்லாமல் எடுக்க எப்படி மனசு வந்தது என்று கேட்டேன்.

"நீதானேம்மா ஆஸ்பத்திரியில சொன்னே, இனி பயமில்லன்னு" என்றார். "அதைத்தான் நான் ஆர்டர்னு நெனச்சேன்."