அத்திம்பேரின் டச்சுப் படம்

அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர், குரலைத் தாழ்த்திப் பேசினால் நான் உஷாராகிவிடுவேன். அன்று என்னை ஸ்ரீரங்கத்துக்கு வரச்சொல்லி, அக்கா காபி கலக்க உள்ளே போனதும், அப்படித்தான் ஆரம்பித்தார்.

"எங்க முன்னோர் ஒருத்தர் நாகப்பட்டினத்துல டச்சுக்காராகிட்ட வேலை பாத்தார். அப்போலேர்ந்து இந்தப் படம் எங்காத்துப் பெட்டியில இருக்கு. வரைஞ்சது யாருன்னு நீ எழுதிக் குடுத்தா வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பிடலாம்."

நான் அருங்காட்சியகத்தில் பழைய தாள் ஓவியங்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவள். என் கையெழுத்துக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. பொய்க்கு எழுதிக் கொடுத்தால் அது போய்விடும். மாட்டேன் என்றால் அக்கா வீட்டுப் படியேற முடியாது. எனக்கு எரிச்சலாக வந்தது.

படத்தை ஜன்னலோரம் எடுத்துப் போனேன். பழுப்பு மையில் ஓர் ஆறு, ஒரு படகு, சாய்ந்த மரம், மீதியெல்லாம் வானம். வெளிச்சத்தில் பிடித்தால் கையால் செய்த பழந்தாளின் சல்லடைக் கோடுகள் தெரிந்தன. கீழே பெரிய ஓவியர் ஒருவரின் பெயர் இருந்தது. அந்த மை மட்டும் கறுப்பு. யாரோ பிற்பாடு ஆசைப்பட்டு எழுதியது; பழைய படங்களில் இது சகஜம். பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம், இலையை அவரவர் கைப்பழக்கப்படிதான் போட முடியும். இந்த இலைகள் சின்னச் சின்னச் சுழிப்புகளாகத் தயங்காமல் ஓடின. பெரியவர் இல்லை, அவரிடம் பயின்ற ஒருவர் என்று தீர்மானித்தேன். படம் அசல். சிலிர்த்துவிட்டது. ஆனாலும் அத்திம்பேர் சொன்ன கதையை நம்ப மனம் வரவில்லை.

"பெட்டியில இருக்கற மத்ததையும் காட்டுங்கோ" என்றேன்.

பத்திரம், ஜாதகம், பஞ்சாங்கம் என்று வந்தன. எல்லாவற்றின் மூலையிலும் சந்தனக் கறை. அந்த வீட்டில் சரஸ்வதி பூஜையன்று ஒரு தாள் விடாமல் பொட்டு வைப்பார்கள். கரண்ட் பில்கூடத் தப்பாது. படத்தில் மட்டும் ஒன்றுமில்லை.

"இது இந்தப் பெட்டியில இருந்ததே இல்லை, அத்திம்பேர். ஒரு பொட்டுகூடக் காணோம். எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியாம நான் எழுத மாட்டேன்."

"வெக்க மறந்திருப்பா" என்று அசடு வழிந்தார். காபியோடு வந்து நின்ற அக்கா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். படம் அசல் என்று நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் அதை மட்டும் பிடித்துக்கொள்வார்.

மறுவாரம் ஆட்டோ பிடித்து கே.கே. நகரில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். "நீதான் சரியாப் பாக்கலை. பொட்டு இருக்கு, பாரு" என்று உறையைப் பிரித்தார்.

வானத்தின் மூலையில் சந்தனம், நடுவில் குங்குமம். ஈரம்கூட முழுதாகக் காயவில்லை. சிவப்பு ஊறி மேகத்துக்குள் இறங்கியிருந்தது. அவரைத் திட்ட நிமிர்ந்தவள் மறுபடி குனிந்து பார்த்தேன். பொட்டின் மேல்நுனி வலப்பக்கம் லேசாக இழுபட்டிருந்தது. பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் என் நெற்றியில் அப்படி இழுத்துப் பொட்டு வைத்துவிட்டவள் அக்காதான்.