நலம் விசாரிக்கப் போய் உட்கார்ந்துவிட்டவன்

நோயாளியைப் பார்க்கப் போனால் சீக்கிரம் எழுந்துவிட வேண்டும் என்று எங்கள் பள்ளிவாசல் இமாம் அடிக்கடி சொல்வார். ஒட்டகத்தில் ஒரு தடவை பால் கறந்து, கொஞ்சம் விட்டு மறுபடி கறப்பார்களே, அந்த இடைவெளி போதுமாம். திருநின்றவூரில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் பாக்கெட் பால். அதனால் என்னை யாரும் அளந்து பார்க்கவில்லை. நாற்பது நாள், தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததிலிருந்து பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரை உட்கார்ந்தேன்.

படுத்திருந்தவர் எனக்கு நண்பர் ஒன்றும் இல்லை. ஆவடியில் ஒரே தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தோம். ரிட்டயரானதும் இங்கே அடுத்தடுத்த தெருவில் மனை வாங்கி வீடு கட்டினோம். ஒரே பள்ளிவாசலில், ஒரே வரிசையில் தொழுதோம். ஆனால் நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது.

காரணம் ஃபேன். அவருக்குக் காற்று பட்டால் ஆகாது. எனக்குக் காற்று இல்லாவிட்டால் ஆகாது. முன்வரிசைக்கு மேலே இருந்த ஃபேனை அவர் ஒன்றில் வைப்பார், நான் ஐந்தில் வைப்பேன். இரண்டு கிழங்கள் ரெகுலேட்டரை மாற்றி மாற்றித் திருகுவதை ஜமாஅத்தே பார்த்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைவதற்குள், அவர் என்னை "மரியாத தெரியாத ஆளு" என்றார். பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே.

"யோவ், உன் வாய் அடைச்சாத்தான்யா இந்தப் பள்ளிவாசலுக்கு நிம்மதி" என்றேன்.

நாலு வருஷம் கழித்து அடைத்துவிட்டது. பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போனது.

செய்தி கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இமாமிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"உங்க வாய்க்கு அவ்ளோ சக்தி இருந்தா ரயிலு டைமுக்கு வரணும்னு சொல்லுங்களேன் பாய்" என்றார். "நோய் குடுக்கறது அல்லாஹ். ஆனா அந்த மனுஷன் மனச நோகடிச்சது நீங்க. அத அவர்தான் மன்னிக்கணும். அவர் மன்னிக்காம அல்லாஹ்வும் மன்னிக்க மாட்டான். போய்ப் பாருங்க, பார்க்கறது எப்பிடியும் கடமை."

மன்னித்தேன் என்று சொல்ல வேண்டிய வாயே இப்போது வேலை செய்யவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்த அவர் மனைவி என்னைக் கண்டு திகைத்து, முக்காட்டை இழுத்துவிட்டு, "வாங்கண்ணே" என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். நான் நோயாளியின் நெற்றியில் கை வைத்து, குணமாக்கச் சொல்லிக் கேட்கும் துஆவை ஏழு தடவை ஓதினேன். நோயாளி கேட்கும் துஆ ஏற்கப்படும் என்பதால், கிளம்பும்போது நமக்காகவும் கேட்கச் சொல்வது வழக்கம். அந்தப் பழக்கத்தில், "எனக்கும் துஆ செய்ங்க பாய்" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கு வாதம் தடையாக இருக்கவில்லை.

ஃபேன் ஒன்றில் சுற்றிக்கொண்டிருந்தது. சட்டை நனைந்துவிட்டது. நான் ரெகுலேட்டர் இருந்த திசையைக்கூடப் பார்க்கவில்லை.

"அவருக்கு எல்லாம் புரியுதுண்ணே. யாராச்சும் பேசிக்கினே இருந்தா பேச்சு திரும்புமுன்னு டாக்டர் சொன்னாரு" என்றார் அவர் மனைவி.

பேசுவதா? அது எனக்கு ஒரு வேலையா? தினமும் போனேன். ரயில் தாமதம், ஏரியோரம் விற்கிற மனை, என் மூட்டுவலி, பழைய ஃபோர்மேன் என்று ஒன்றையும் விடவில்லை. பத்தாம் நாளோ என்னவோ, நடுவில் நிறுத்திவிட்டு, "அன்னிக்கு நான் சொன்னது தப்பு பாய். மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி மூட்டுவலிக்கு வந்தேன்.

"நீங்க நோயாளிய பாக்க போறீங்களா, நோவ ஜாஸ்தி பண்ண போறீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி. நியாயமான கேள்விதான்.

நாற்பதாம் நாள், என் பேரனுடைய ஸ்கூல் வேன் பட்டாபிராமில் பழுதாகி நின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மெல்லக் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். உதடு துடித்தது. தாடை ஒரு பக்கமாக இழுத்தது.

"கி... கிளம்பு" என்றார்.

அவர் மனைவி கையில் கரண்டியோடு ஓடி வந்தார். "இன்னா சொன்னீங்க? இன்னொரு வாட்டி சொல்லுங்க!"

"கிளம்பு." இந்தத் தடவை திக்கவில்லை.

அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார். வெளியூரில் இருந்த மகனுக்கு ஃபோன் போட்டு, "அத்தா பேசிட்டாரு!" என்று கத்தினார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாய் திறந்துவிட்டது. அதிலிருந்து எனக்கு வந்த பதில் இதுதான். வீட்டுக்கு வந்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

மறுநாள் போகவில்லை. அஸர் தொழுதுவிட்டு நேரே வீட்டுக்கு வந்து, பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். மஃரிபுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது ஃபோன் வந்தது.

"ஏண்ணே வரல? அசர்லருந்து வாசலையே பாத்துகினு கீறாரு. உங்க நாற்காலில ஒருத்தரையும் உக்கார உட மாட்றாரு."

அந்த மூட்டுவலியோடு எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. அவர் கழுத்து வரை கம்பளியால் போர்த்திக்கொண்டிருந்தார். காய்ச்சலோ என்று பயந்தேன். அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"லேட்டு" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். தலையில் இருந்த தொப்பி பறக்கப் பார்த்தது. கையால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். ஃபேன் ஐந்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"மத்தியானத்துலருந்து கை காட்டி காட்டி இப்பிடி வெக்க சொல்லிட்டாருண்ணே. குளிருது, கேக்க மாட்றாரு" என்றார் அவர் மனைவி.

நான் எழுந்து போய் இரண்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.