சொல்லாமல் ஊற்றிய ஆயில்

எழுபதுகளின் கடைசியில் பசுமலையில் குடியிருந்தோம். என் கணவர் ஒரு பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, வீட்டு ஷெட்டில் தானே பழுது பார்த்துவந்தார். பிரேக்கை மிதித்துக் காட்டுவது என் வேலை. ஒரு சனிக்கிழமை அவர் கடைக்குப் போயிருந்தபோது, பிரேக் ஆயில் குறைந்திருப்பதைக் கவனித்தேன். பேர் எழுதாத ஒரு டப்பா பக்கத்தில் இருந்தது. அதுதான் பிரேக் ஆயில் என்று நினைத்து, அதிலிருந்து ஊற்றி நிரப்பினேன். அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் இருவரும் காரில் திருநகர் பக்கம் போனோம். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். மிதி தரை வரை இறங்கியது, கார் நிற்கவில்லை. "கெட்டியாப் பிடிச்சுக்க!" என்று கத்திக்கொண்டே சாலையோர மணல் குவியலில் காரை ஏற்றி நிறுத்தினார். எங்களுக்குச் சிராய்ப்புகூட இல்லை.

அப்போதுதான் டப்பா நினைவுக்கு வந்தது. சொன்னேன்.

"அது இஞ்சின் ஆயில், எஸ்தர். பிரேக்குல ஊத்துனா உள்ள இருக்குற ரப்பரெல்லாம் ஊதிப்போயி பிரேக் பிடிக்காது" என்றார். பிறகு, "பேர் எழுதாம வச்சது நாந்தான்" என்றார்.

அன்று மாலையே எல்லா டப்பாக்களிலும் பெயின்ட்டால் பேர் எழுதினார். அதற்குப் பிறகு ஷெட்டில் ஒரு ஸ்க்ரூவை நகர்த்தி வைத்தாலும் உடனே சொல்லிவிடுவேன். அவரும் கார் சாவியைத் திருப்புவதற்கு முன், "இன்னைக்கு எதையாச்சும் தொட்டியா?" என்று கேட்டுவிடுவார்.